போர்ட்டைப் பிடித்திருக்கும் ப்ராசஸை எந்த வழியில் நிறுத்துவது?

காலையில் லேப்டாப்பைத் திறந்து, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று சர்வரை ஓட்டுகிறோம். டெர்மினலில் ஒரு வரி வந்து நிற்கிறது: 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்'. லினக்ஸ் என்றால் அந்தப் பிழைக்கு எண் 98, மேக் என்றால் 48, விண்டோஸ் என்றால் 10048. எண் எதுவானாலும் சேதி ஒன்றுதான். நாம் கேட்கும் போர்ட்டில், அதாவது ஒரு நிரல் இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் எண்ணிட்ட வாசலில், ஏற்கெனவே யாரோ (ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு நிரல், அதாவது ப்ராசஸ்) உட்கார்ந்திருக்கிறார்கள்.

உடனே தேடினால் முதலில் கிடைப்பது ஒரே வரியில் வேலையை முடிக்கும் கமாண்ட். 'எல்எஸ்ஓஎஃப்' கொடுக்கும் ப்ராசஸ் எண்களை அப்படியே, ப்ராசஸை உடனே முடித்துவிடும் 'கில் -9'க்கு ஊட்டும் வரி அது. நானும் பல வருடம் அதைத்தான் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாலை, ஃபயர்ஃபாக்ஸில் ஒரு டேபில் என் லோக்கல் சர்வரின் பக்கம், இன்னொரு டேபில் அரை மணி நேரமாக நிரப்பிக்கொண்டிருந்த விண்ணப்பம். அந்த வரியை ஓட்டினேன். சர்வர் நின்றது. கூடவே ஃபயர்ஃபாக்ஸும் மொத்தமாக மறைந்துபோனது. விண்ணப்பமும் போயிற்று.

காரணம் எளிது. 'எல்எஸ்ஓஎஃப்' கமாண்டில் 3000 என்று போர்ட்டை மட்டும் சொன்னால், 3000 எந்த முனையில் இருந்தாலும் அந்த இணைப்பை அது பட்டியலிடும். போர்ட்டில் காத்திருக்கும் சர்வரும் வரும், அந்தச் சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும் பிரவுசரும் வரும். பட்டியலில் இருந்த எல்லோருக்கும் 9 போனது. கமாண்டின் மேல் தவறில்லை, நான் கேட்ட கேள்விதான் சரியில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வழியையும் நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தேன். இப்போது எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: போர்ட்டை யார் திறந்தார்களோ, அவர்கள் வழியாகவே மூடினால்தான் அது மூடியே இருக்கும். எந்தக் கமாண்ட் நல்லது என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான்.

யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க

லினக்ஸிலும் மேக்கிலும் பலரும் கையில் எடுப்பது 'எல்எஸ்ஓஎஃப்'. பர்டியூ பல்கலைக்கழகத்தில் வேலை செய்த விக் ஏபல் எழுதியது. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடுவதுதான் அதன் வேலை. யூனிக்ஸ் குடும்பத்தில் நெட்வொர்க் சாக்கெட்டும் ஒரு கோப்பு மாதிரியே நடத்தப்படுவதால் போர்ட்டுகளும் அதில் தெரிகின்றன. இதைப் பயன்படுத்தும்போது மூன்று விஷயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, '-எஸ்' கொடுத்து, இடைவெளி விடாமல் 'டிசிபி:லிசன்' என்று சேர்ப்பது. அந்த எஸ் சிறிய எழுத்து, டிசிபியும் லிசனும் பெரிய எழுத்து. காத்திருக்கும் சர்வர் மட்டும் வரும், பிரவுசர் தப்பிக்கும். இரண்டு, பெரிய எழுத்துப் 'பி'. அது இல்லாவிட்டால் மேக்கில் 3000 என்ற எண்ணுக்குப் பதில் 'எச்பிசிஐ' என்று ஏதோ ஒரு பெயர் வரும், 8080 என்பது 'எச்டிடிபி-ஆல்ட்' என்று வரும். பதிவேட்டில் அந்த எண்களுக்கு எழுதிவைத்த பெயர்கள் அவை. முதல்முறை பார்ப்பவர் யாரோ வைரஸ் விட்டுவிட்டார்கள் என்றே பயப்படுவார். மூன்று, நிர்வாகி அனுமதியோடு ஓட்டும் 'சூடோ'. சாதாரணப் பயனராக ஓட்டினால் மற்றவர்களுடைய ப்ராசஸ்கள் தெரியாது. பதில் வெறுமையாக வரும். போர்ட்டில் யாருமே இல்லை, ஆனாலும் பிழை வருகிறது என்று ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இந்த 'சூடோ' இல்லாததுதான் என்று நினைக்கிறேன்.

லினக்ஸ் சர்வர்களில் நான் 'எஸ்எஸ்' கமாண்டையே விரும்புகிறேன். குறைந்தபட்ச இன்ஸ்டாலேஷனில் 'எல்எஸ்ஓஎஃப்' பெரும்பாலும் இருக்காது. பழைய 'நெட்ஸ்டாட்' இருந்த நெட்-டூல்ஸ் தொகுப்பும் இப்போது டெபியன், உபுண்டுவில் தானாக வருவதில்லை. 'எஸ்எஸ்' ஐபிரூட்2 தொகுப்பில் இருப்பதால் அநேகமாக எல்லா இடத்திலும் கிடைக்கும். 'சூடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி' என்று ஓட்டினால் காத்திருக்கும் டிசிபி சாக்கெட்டுகள், எண்களாகவே, ப்ராசஸ் பெயரோடு வரும். எல் என்பதே 'காத்திருப்பவை மட்டும்' என்று பொருள் தருவதால் பிரவுசர் பிரச்சினை ஆரம்பத்திலேயே இல்லை. மேக்கில் இந்தக் கமாண்ட் கிடையாது, அங்கே 'எல்எஸ்ஓஎஃப்' தான்.

எண் கிடைத்ததும் நிறுத்த ஓடாதீர்கள். 'பிஎஸ்' கமாண்டில் அந்த எண்ணைக் கொடுத்து, யாருடைய பெயரில் ஓடுகிறது, எப்போது தொடங்கியது, முழுக் கமாண்ட் வரி என்ன என்று மூன்றையும் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் 'நோட்' என்ற பெயரில் பத்து ப்ராசஸ் ஓடும் கணினியில் முழு வரியைப் பார்த்தால்தான் எந்த ஃபோல்டரின் ப்ராஜெக்ட் என்று புரியும். பத்து விநாடி வேலை. நிறுத்தும் வழியைத் தீர்மானிக்கத் தேவையான எல்லாமே அந்தப் பத்து விநாடியில் கிடைத்துவிடும்.

15-ஆ, 9-ஆ?

'கில்' என்ற பெயரைக் கேட்டால் கொல்வது மட்டும்தான் அதன் வேலை என்று தோன்றும். உண்மையில் அது சிக்னல் அனுப்பும் கமாண்ட். எந்த எண்ணும் சொல்லாவிட்டால் 15 போகும். 'கடையைக் கட்டிவிட்டுக் கிளம்புங்கள்' என்று சொல்வது போன்றது அது. நன்றாக எழுதப்பட்ட சர்வர் அதைக் கேட்டதும் புதிய இணைப்புகளை நிறுத்தி, கையில் இருப்பதை முடித்து, தற்காலிகக் கோப்புகளை அழித்து, தன் குழந்தை ப்ராசஸ்களையும் அழைத்துக்கொண்டு வெளியேறும். 9 அப்படி இல்லை. அது ப்ராசஸின் காதுக்கே போகாது, இயங்குதளத்தின் மையமான கெர்னலே அதை முடித்துவிடும். எதையும் எடுத்துவைக்க அவகாசம் கிடையாது.

உங்கள் லேப்டாப்பில் ஓடும் ஒரு சின்ன டெவலப்மென்ட் சர்வருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அதனால்தான் 9 பழக்கமாகிவிடுகிறது. அதே விரல் பழக்கத்தோடு 5432-இல் உட்கார்ந்திருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிடம் போகும்போதுதான் ஆபத்து. போஸ்ட்கிரெஸின் ஆவணமே 9 வேண்டாம் என்கிறது, ஏனென்றால் பகிர்ந்த நினைவகத்தையும் செமஃபோர்களையும் விடுவிக்க அதற்கு வாய்ப்பே கிடைக்காது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. போஸ்ட்கிரெஸுக்கு 15 அனுப்பினால், ஏற்கெனவே இணைந்திருப்பவர்கள் எல்லோரும் தாங்களாகப் போகும்வரை அது காத்திருக்கும். ஒரு விண்டோவில் டேட்டாபேஸைப் பார்க்கும் பிஜிஅட்மின் திறந்திருந்தால் போதும், மணிக்கணக்கில் நிற்காது. '15 வேலை செய்யவில்லை, 9 தான் வழி' என்று பலர் முடிவுக்கு வருவது இங்கேதான். இதற்கு வழி, சிக்னல் எண் 2. அந்தச் சிக்னலுக்கு அது ஓடும் ட்ரான்ஸாக்‌ஷன்களை ரத்து செய்துவிட்டு, ஒழுங்காக, உடனே மூடும். 9.5 பதிப்பிலிருந்து 'பிஜி-சிடிஎல் ஸ்டாப்' தானாகச் செய்வதும் இதையே.

15 வேலை செய்யாததாகத் தோன்றும் இன்னொரு சூழ்நிலை புதிதாகக் கற்பவர்களுக்கு அடிக்கடி வரும். கன்ட்ரோல்-சி அழுத்துவதற்குப் பதில் கன்ட்ரோல்-இசட் அழுத்திவிடுவது. டெர்மினல் திரும்பக் கிடைத்துவிடும், சர்வர் நின்றுவிட்டதாகவே தோன்றும். ஆனால் அது உறைந்து நிற்கிறது, போர்ட்டை விடவில்லை. இன்னும் குழப்பம் என்னவென்றால், பிரவுசரில் அந்த முகவரியைத் திறந்தால் 'இணைக்க முடியவில்லை' என்று வராது. கெர்னல் இணைப்பை வாங்கி வரிசையில் நிறுத்திவைக்கும், பதில் சொல்ல ஆள் இல்லாததால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். உறைந்த ப்ராசஸுக்கு 15 அனுப்பினால் அதுவும் வரிசையில் காத்திருக்கும், எழுந்த பிறகுதான் கவனிக்கப்படும். இதற்கு 9 தேவையே இல்லை. அதே டெர்மினலில் 'ஜாப்ஸ்' என்று போட்டுப் பாருங்கள், 'எஃப்ஜி' என்று போட்டு முன்னால் கொண்டுவாருங்கள், பிறகு கன்ட்ரோல்-சி.

ஆகவே என் வரிசை இது. டெர்மினல் கையில் இருந்தால் கன்ட்ரோல்-சி. இல்லாவிட்டால் எண் சொல்லாத 'கில்'. ஐந்து, பத்து விநாடி பொறுமை. அதற்கும் அசையாவிட்டால்தான் 9. அதுவும் டேட்டாபேஸ் அல்ல என்று உறுதி செய்த பிறகு.

ஒரே வரிக் குறுக்குவழிகள்

லினக்ஸில் 'ஃபியூசர் -கே 3000/டிசிபி' மிகச் சுருக்கமானது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அது உள்ளூர்ப் பக்கத்து போர்ட்டை மட்டுமே பொருத்திப் பார்க்கிறது. எனவே 3000-ஐ எதிர்முனையாக வைத்திருக்கும் பிரவுசர் மாட்டாது. அந்த வகையில், வெறும் 'எல்எஸ்ஓஎஃப்' வரியைவிட இது பாதுகாப்பானது. தாய் ப்ராசஸும் குழந்தை ப்ராசஸும் ஒரே சாக்கெட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தால் எல்லோரையும் சேர்த்தே பிடிக்கும். பிடிக்காத விஷயம், சிக்னல் சொல்லாவிட்டால் அது அனுப்புவது 9. 'கில்' கமாண்டுக்கு நேர் எதிரான இயல்பு. '-கே' உடன் '-டெர்ம்' சேர்த்து ஓட்டுவதைப் பழக்கமாக்கிக்கொண்டால் இதுவே லினக்ஸில் நல்ல குறுக்குவழி. மேக்கில் உள்ள ஃபியூசர் வேறு, அதில் இப்படிப் போர்ட்டைச் சொல்லி நிறுத்த முடியாது.

நோட் உலகத்தில் 'என்பிஎக்ஸ் கில்-போர்ட் 3000' பிரபலம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே வரி ஓடுவதுதான் இதன் பலம். மூன்று வகைக் கணினிகளும் கலந்து இருக்கும் குழுவில், பேக்கேஜ் கோப்பில் ஒரு ஸ்கிரிப்டாக எழுதிவைக்க இதைவிட வசதியானது இல்லை. உள்ளே அது செய்வது, யூனிக்ஸ் பக்கம் 'எல்எஸ்ஓஎஃப்' பட்டியலிலிருந்து காத்திருப்பவர்களைப் பொறுக்கி 9 அனுப்புவது. விண்டோஸ் பக்கம் 'நெட்ஸ்டாட்' பார்த்து 'டாஸ்க்கில்' செய்வது. அதாவது கேள்வி கேட்காமல் முடித்துவிடும். சர்வருக்கு முன்னால் ஓடும் ஸ்கிரிப்டில் இதை வைத்தால், 3000-இல் உங்களுடைய வேறு ப்ராஜெக்ட் ஓடிக்கொண்டிருந்தாலும் சத்தமில்லாமல் போய்விடும். அதனால் தனி ஸ்கிரிப்டாக வையுங்கள், தொடக்க ஸ்கிரிப்டோடு ஒட்டாதீர்கள்.

'கில்ஆல் நோட்' என்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது அது. நோட்டில் ஓடும் எல்லாமும் போகும். வேறு கணினியில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழி) வழியாக விஎஸ் கோட் வைத்து வேலை செய்பவர்களுக்கு இன்னும் மோசம். அந்தப் பக்கம் ஓடும் விஎஸ் கோட் சர்வரே ஒரு நோட் ப்ராசஸ்தான். எடிட்டரின் இணைப்பே அறுந்துவிடும். கணினியை ரீஸ்டார்ட் செய்வதும் இதே ரகம், என்ன நடந்தது என்று கடைசிவரை தெரியாமல் போகும் என்பது கூடுதல் நஷ்டம்.

விண்டோஸ்

இங்கே பழைய வழி, 'நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ' ஓட்டி, 'ஃபைண்ட்ஸ்ட்ர்' வைத்து :3000 என்று வடிகட்டி, கடைசிப் பத்தியில் உள்ள எண்ணை 'டாஸ்க்கில்'க்குக் கொடுப்பது. வடிகட்டி வெறும் எழுத்தைத்தான் தேடுகிறது என்பதை மறக்கக்கூடாது. 30001-உம் வரும், பிரவுசரின் வரிகளும் வரும், எண் 0 போட்ட வரிகளும் வரும். 'லிசனிங்' என்று உள்ள வரியை மட்டும் பாருங்கள். விண்டோஸ் 8-இலிருந்து கிடைக்கும் பவர்ஷெல் வழி இதைவிடச் சுத்தமானது. 'கெட்-நெட்டிசிபிகனெக்‌ஷன்' கமாண்டில் லோக்கல்போர்ட் 3000, ஸ்டேட் லிசன் என்று கேட்டால் 'ஓனிங்ப்ராசஸ்' என்ற இடத்தில் எண் வரும். அதை 'ஸ்டாப்-ப்ராசஸ்'க்குக் கொடுத்தால் போதும். இன்று ஒருவர் புதிதாகக் கற்பதாக இருந்தால் இதைத்தான் கற்றுக்கொடுப்பேன்.

ஆனால் விண்டோஸில் 15-க்கும் 9-க்கும் இடையிலான தேர்வு நடைமுறையில் இல்லை. 'டாஸ்க்கில்' கமாண்டை '/எஃப்' இல்லாமல் ஓட்டினால், விண்டோ இல்லாத கன்சோல் நிரல்களுக்கு அது 'வலுக்கட்டாயமாக மட்டுமே நிறுத்த முடியும்' என்ற பொருளில் பதில் சொல்லி நின்றுவிடும். 'ஸ்டாப்-ப்ராசஸ்' எடுத்த எடுப்பிலேயே வலுக்கட்டாயம்தான். எனவே அந்தச் சர்வர் ஓடும் விண்டோவைக் கண்டுபிடித்து அங்கே கன்ட்ரோல்-சி அழுத்துவதற்கு விண்டோஸில் மதிப்பு இன்னும் அதிகம்.

இரண்டு புதிர்களைச் சொல்லியாக வேண்டும். சாம்ப் என்ற வெப் சர்வர் தொகுப்பைப் போட்டுப் பழகும் மாணவர்கள், 80-ஐ எண் 4 உள்ள 'சிஸ்டம்' பிடித்திருப்பதைப் பார்த்துத் திகைப்பார்கள். அதை நிறுத்த முடியாது, முயலவும் கூடாது. கெர்னலுக்குள் இருக்கும் எச்டிடிபி.சிஸ் என்ற டிரைவர்தான் அங்கே காத்திருக்கிறது, பெரும்பாலும் விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ்-க்காக. சர்வீஸ் பட்டியலில் 'வேர்ல்ட் வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ்' இருந்தால் அதை நிறுத்துங்கள். மற்றது, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-க்குள் ஓட்டிய சர்வர். விண்டோஸ் பக்கம் பார்த்தால் 'டபிள்யூஎஸ்எல்ரிலே' என்று ஒரு பெயர் தெரியும். அது தபால்காரர் மட்டும்தான். சர்வர் லினக்ஸுக்குள் இருக்கிறது, அங்கே போய் நிறுத்த வேண்டும்.

நிறுத்தினால் திரும்ப வருபவை

நிறுத்தியாயிற்று, எண்ணும் மறைந்தது, இரண்டு விநாடி கழித்துப் பார்த்தால் அதே போர்ட்டில் புது எண்ணோடு அதே ப்ராசஸ். இது நடந்தால் மேலும் பலமாக அடிப்பதில் பயனில்லை. அதற்குப் பின்னால் ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார். அவரிடம்தான் பேச வேண்டும்.

லினக்ஸில் அந்த மேற்பார்வையாளர் பெரும்பாலும், பின்னணி சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி. ஒரு சுவையான விஷயம், சர்வீஸ் கோப்பில் 'ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்' என்று இருந்தால், 15 வாங்கி வெளியேறிய ப்ராசஸைச் சிஸ்டம்டி ஒழுங்கான முடிவாக எடுத்துக்கொள்ளும், மறுபடி கிளப்பாது. 9 வாங்கினால் அதைக் கோளாறு என்று எண்ணி, இயல்பாக 100 மில்லி விநாடியில் மீண்டும் கிளப்பும். பலமான அடிதான் அதைத் திரும்பக் கொண்டுவருகிறது! 'ஆல்வேஸ்' என்று இருந்தால் எந்தச் சிக்னலும் பயனில்லை. 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று போட்டுப் பக்கத்தில் ப்ராசஸ் எண்ணைக் கொடுங்கள், அது எந்த சர்வீஸுக்குச் சொந்தம் என்று சொல்லிவிடும். பிறகு அந்த சர்வீஸின் பெயரைச் சொல்லி 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்'. அது முதலில் 15 அனுப்பி, இயல்பாக 90 விநாடி வரை காத்திருந்து, அப்புறம்தான் 9-க்குப் போகும். நாம் கையால் செய்ய வேண்டிய பொறுமையை அதுவே செய்கிறது. சில நேரம் போர்ட்டின் சொந்தக்காரர் எண் 1, அதாவது சிஸ்டம்டியே என்று தெரியும். உபுண்டு 22.10-இலிருந்து 22 என்ற எஸ்எஸ்எச் போர்ட் அப்படித்தான். சாக்கெட்டைச் சிஸ்டம்டி வைத்திருக்கும், ஆள் வந்தால்தான் எஸ்எஸ்எச் சர்வரை எழுப்பும். அங்கே நிறுத்த வேண்டியது சாக்கெட் யூனிட்டை. தொலைவில் இருக்கும் சர்வரில் இதைச் செய்தால் மறுபடி உள்ளே நுழைய வழி இருக்காது, கவனம்.

நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரும் இப்படியே. லினக்ஸில் போர்ட்டைப் பிடித்திருப்பது 'டாக்கர்-ப்ராக்ஸி' என்று தெரியும். மேக்கில் டாக்கர் டெஸ்க்டாப்பின் பின்னணி ப்ராசஸ் தெரியும். இரண்டையும் கொல்லாதீர்கள். முதலாவதைக் கொன்றால் கன்டெய்னர் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், வாசல் மட்டும் உடைந்திருக்கும். இரண்டாவதைக் கொன்றால் டாக்கர் மொத்தமும் விழும். 'டாக்கர் பிஎஸ்' பட்டியலில் போர்ட் பத்தியைப் பார்த்து, அந்தக் கன்டெய்னரை 'டாக்கர் ஸ்டாப்' செய்வதே வழி. அதுவும் 15, பத்து விநாடி, பிறகு 9 என்றே நடக்கும். ரீஸ்டார்ட் கொள்கை 'ஆல்வேஸ்' என்றிருந்தால் கணினியை அடுத்த முறை திறக்கும்போது கன்டெய்னர் மறுபடி கிளம்பிவிடும். 'அன்லெஸ்-ஸ்டாப்டு' என்று மாற்றிக்கொண்டால் நீங்கள் நிறுத்தியதை அது மதிக்கும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு 5000 ஒரு தனிக்கதை. 2021-இல் வந்த மான்டரே பதிப்பிலிருந்து ஏர்ப்ளே ரிசீவர் 5000, 7000 இரண்டிலும் உட்கார்கிறது. பைத்தானில் வெப் நிரல் எழுத உதவும் ஃபிளாஸ்கின் இயல்பான போர்ட்டும் 5000. ஆகவே பாடத்தில் சொன்னபடி எழுதிய முதல் ஃபிளாஸ்க் நிரலே மேக்கில் முட்டி நிற்கும். 'எல்எஸ்ஓஎஃப்' பார்த்தால் 'கன்ட்ரோல்சென்டர்' என்ற பெயரின் முதல் சில எழுத்துகள் வரும். கொன்றால் உடனே திரும்பி வரும். சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், அதில் ஏர்ட்ராப் அண்ட் ஹேண்ட்ஆஃப் போய் ஏர்ப்ளே ரிசீவரை அணைக்கலாம். டிவி மாதிரி மேக்கைப் பயன்படுத்துபவராக இருந்தால் ஃபிளாஸ்கை 5001-க்கு மாற்றுவதே நல்லது.

சின்ன அளவில், நோட் நிரல்களைக் கவனித்துக்கொள்ளும் நோட்மான், பிஎம்2 போன்றவையும் இதே வேலையைச் செய்கின்றன. நோட்மானுக்குக் கீழே ஓடும் குழந்தையைக் கொன்றால், அடுத்து ஒரு கோப்பைச் சேமித்ததும் அது மறுபடி வரும். பிஎம்2 என்றால் 'பிஎம்2 ஸ்டாப்'.

யாருமே இல்லை, ஆனாலும் பிழை

'சூடோ' போட்டும் யாரும் தெரியவில்லை என்றால் நிறுத்த ஆள் இல்லை என்றுதான் பொருள். டிசிபியில், இணைப்பை முதலில் மூடியவர் பக்கம் அந்த இணைப்பு 'டைம்-வெயிட்' என்ற நிலையில் கொஞ்ச நேரம் இருக்கும். வழியில் தாமதமான பழைய பாக்கெட்டுகள் புது இணைப்பில் கலந்துவிடாமல் இருக்க 1981-இல் வந்த டிசிபி வரையறையிலேயே உள்ள ஏற்பாடு அது. லினக்ஸில் 60 விநாடி. அதற்குச் சொந்தக்கார ப்ராசஸ் எதுவும் கிடையாது, ஆகவே எந்தக் 'கில்'லும் உதவாது. கல்லூரி லேபில் சாக்கெட் நிரல் எழுதி, நிறுத்தி, உடனே மறுபடி ஓட்டும் மாணவருக்கு வரும் பிழை அநேகமாக இதுதான். ஒரு நிமிடம் காத்திருக்கலாம். நிரந்தரத் தீர்வு, 'பைண்ட்' செய்வதற்கு முன் சாக்கெட்டில் 'ரீயூஸ்அட்ர்' விருப்பத்தை இயக்குவது. நோட் யூனிக்ஸ் கணினிகளில் இதைத் தானாகச் செய்கிறது. பைத்தானின் எச்டிடிபி சர்வரும் செய்கிறது. ஆனால் சாக்கெட்சர்வர் மாட்யூலின் சாதாரண டிசிபி சர்வர் செய்வதில்லை, 'அலவ்-ரீயூஸ்-அட்ரஸ்' என்பதை நாம் இயக்க வேண்டும்.

விண்டோஸில் வேறொரு மாயம் உண்டு. பிழை எண் 10048 வராமல் 10013 வந்தால், அனுமதி மறுப்பு என்று பொருள். விண்டோஸின் மெய்நிகர் கணினி வசதியான ஹைப்பர்-வி சில போர்ட் வரம்புகளைத் தனக்கென ஒதுக்கிக்கொண்டிருக்கலாம். 'நெட்ஷ்' கமாண்டில் ஐபிவி4-க்கான 'எக்ஸ்க்ளூடட்போர்ட்ரேஞ்ச்' பட்டியலைக் கேட்டால் தெரியும். உங்கள் போர்ட் அந்த வரம்புக்குள் இருந்தால், நிர்வாகி அனுமதியோடு வின்நாட் சர்வீஸை நிறுத்தி மறுபடி தொடங்கிப் பார்க்கலாம். வேறு போர்ட்டுக்குப் போவது அதைவிடச் சுலபம்.

நிறுத்தாமல் வேறு போர்ட்டுக்குப் போவது

இதைத் தோல்வி மாதிரி பார்க்க வேண்டியதில்லை. 65535 வரை எண்கள் இருக்கின்றன. வெப் டெவலப்மென்ட் சர்வரான வைட், 5173 பிடிபட்டிருந்தால் தானே அடுத்த எண்ணுக்குப் போகிறது. ஜூபிட்டர் நோட்புக், 8888 இல்லாவிட்டால் 8889 எடுத்துக்கொள்கிறது. வசதிதான். ஆனால் பழைய சர்வர் உங்களுடையதாகவே இருந்தால் நான் இதைத் தவிர்ப்பேன். பழைய கோடோடு அது 3000-இல் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய டேபைப் புதுப்பித்துப் பார்த்து, 'மாற்றியது ஏன் வரவில்லை' என்று தேட ஆரம்பித்தால் அந்த மதியம் முழுக்கப் போய்விடும். உள்நுழைவுக்குத் திரும்பும் முகவரி 3000 என்று பதிவாகியிருந்தால் 3001-இல் லாகின் உடையும். பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜ் போர்ட் வாரியாகத் தனித்தனி என்பதால் சேமித்ததெல்லாம் காணாமல் போனதுபோலத் தெரியும். குக்கி மட்டும் போர்ட்டைப் பார்க்காமல் இரண்டிலும் பொதுவாக இருக்கும், அது வேறு வகைக் குழப்பம். வைட்டில் 'ஸ்ட்ரிக்ட்போர்ட்' அமைப்பை இயக்கி வைத்தால் சத்தமில்லாமல் நகராமல் பிழை காட்டி நிற்கும். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

போர்ட்டில் இருப்பது உங்களுடையது இல்லை என்றால் கணக்கு தலைகீழ். பலர் சேர்ந்து பயன்படுத்தும் சர்வரில், 'பிஎஸ்' காட்டும் பயனர் பெயர் இன்னொருவருடையது, தொடங்கிய தேதி மூன்று வாரத்துக்கு முன் என்றிருந்தால், 'சூடோ' அனுமதி உங்களிடம் இருப்பது போதாது. மூன்று வாரமாக ஓடும் ஒன்றை யாரும் சும்மா விட்டுவைத்திருக்க மாட்டார்கள். அதன் மறுமுனையில் ஒரு டெஸ்ட், ஒரு டெமோ, ஒரு வாடிக்கையாளர் இருக்கலாம். அந்தப் பயனருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், போர்ட் எண்ணும் ப்ராசஸ் எண்ணும் முழுக் கமாண்ட் வரியும் சேர்த்து. பதில் வரும்வரை உங்களுடையதை 3001-இல் ஓட்டிக்கொள்ளலாம்.